பெருங்குடல் புற்றுநோய்: ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரையும் மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்ட்டும் தேவைதானா?

உசிலம்பட்டிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு 58 வயசு. மலத்தோட ரத்தம் போனதை மூலம்னு நெனச்சு துத்திக்கீரை, கருணைக்கிழங்குன்னு ரொம்ப நாள் ஓட்டிட்டாரு. கடைசியில மதுரைக்குக் கூட்டிட்டு வந்து கொலனோஸ்கோப்பி (குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டு) பார்த்ததுல, பெருங்குடலோட கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில கட்டி. ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. நெறிக்கட்டியிலயும் இருக்கு, மூணாவது ஸ்டேஜ்னு சொல்லி கீமோ ஆரம்பிச்சிருக்காங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், கூடவே கேப்சிட்டாபின் மாத்திரை.

இப்ப ரெண்டு தொல்லை. சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு டப்பா மாத்திரை கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்காரு. "உடம்புல ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறினதாலதான் கேன்சர். இது ஆன்டி-ஆக்சிடன்ட், கெட்டுப்போன மைக்ரோ ஆர்என்ஏவையே சரி பண்ணும்"னு கூட இருந்த நோட்டீஸ்ல போட்டிருக்கு. அடுத்து ஒரு லேப் ஆளு வீடு தேடி வந்து, வீட்டம்மா, மச்சினன் எல்லாருக்கும் ரத்தத்துல மைக்ரோ ஆர்என்ஏ பார்த்தா கேன்சர் வருமா வராதான்னு இப்பவே சொல்லிரலாம்கிறான். மைக்ரோ ஆர்என்ஏன்னு நெசமாவே ஒண்ணு இருக்கா, இல்ல ஏமாத்துறதுக்கு வச்ச பேரா?

செல்லூர் சேது எழுதியது:

மொதல்ல டப்பாவைத் தூக்கிப் பரண்ல போடுங்க. லேப் ஆளு கையில காசு குடுத்துராதீங்க. மத்ததை விவரம் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்.

ஆய்வுக்கூட எலி எழுதியது:

அண்ணே, நான் மதுரைப் பக்கம் ஒரு லேப்ல குடல் புற்றுநோய் செல்களை வச்சு பிஎச்டி பண்றேன். மருத்துவர் இல்ல. அதனால மருந்து விஷயத்துல உங்க புற்றுநோய் டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

மைக்ரோ ஆர்என்ஏ நெசந்தான். சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ. 1993-ல விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ரெண்டு பேரோட குழுக்களும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுல இதைக் கண்டுபிடிச்சாங்க. புழுவோட விநோதம்னு ரொம்பப் பேர் அப்ப கண்டுக்கல. 2024-ல அதுக்குத்தான் நோபல் பரிசு. மனுஷ உடம்புல ஆயிரத்துக்கும் மேல வகை இருக்கு. இது புரதம் எதையும் உண்டாக்காது. புரதம் செய்யற குறிப்பைக் கொண்டு போற மெசஞ்சர் ஆர்என்ஏவோட வால் பக்கம் போய் ஒட்டிக்கிட்டு, அதுல இருந்து உண்டாகுற புரதத்தோட அளவைக் குறைக்கும். சுவிட்ச் மாதிரி அணைக்காது, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒண்ணு ரெண்டு கட்டம் இறக்கும், அவ்வளவுதான். ஆனா ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல ஜீன்களை ஒரே நேரத்துல இறக்கும். "கெட்டுப்போன மைக்ரோ ஆர்என்ஏவைச் சரி பண்றோம்"னு சொல்ற ஆளுகிட்ட எதை, எந்தத் திசுவுலன்னு கேட்டுப் பாருங்க.

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸும் பொய்யில்ல. ஆக்சிஜன் ரேடிக்கல்னு, கண்டதையும் தாக்குற துகள் செல்லுல அளவு மீறிச் சேர்றதுதான் அது. செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யும்போது சூப்பராக்சைடுங்கிற ரேடிக்கல் கொஞ்சம் கசியும். அதை எஸ்ஓடிங்கிற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடா மாத்தும். கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் அதைத் தண்ணியாக்கிரும். பக்கத்துல இரும்பு அயனி சும்மா திரிஞ்சா ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு ஒரு போக்கிரி உருவாகும், அது எதிர்ல வந்ததையெல்லாம் கடிக்கும். பெருங்குடல்ல பாக்டீரியா, பித்த அமிலம், செரிக்காத இரும்பு எல்லாம் வந்து சேருது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மாதிரி நாள்பட்ட அழற்சியும் இருந்தா நெலமை இன்னும் மோசம்.

ரெண்டும் எங்க சந்திக்குதுன்னா, மிர்-21-ங்கிற மைக்ரோ ஆர்என்ஏல. குடல் கட்டியில இது ஏறியிருக்கும்னு பலரும் பார்த்திருக்காங்க. 2008-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, கட்டியில மிர்-21 கூடுதலா இருந்தவங்க பிழைச்சிருந்த காலம் குறைவு. பெராக்சைடு பட்டா செல்லுல மிர்-21 ஏறும். ஏறின மிர்-21, பிடென், பிடிசிடி4-னு கட்டியை அடக்குற புரதங்களை இறக்கும். செல்லுக்கு வெளிய இருக்கிற எஸ்ஓடி3-ங்கிற காவல் நொதியையும் இறக்கும். காவல் குறைஞ்சா ஆக்சிஜன் ரேடிக்கல் இன்னும் கூடும். வட்டம் முடிஞ்சிருச்சு, படம் போட்டா அழகா இருக்கும். ஆனா அந்த எஸ்ஓடி3 பாதியைக் காட்டினது மூச்சுக்குழாய் செல்லுல. ஒரு செல்லுல பெராக்சைடு, இன்னொரு செல்லுல எஸ்ஓடினு ஒட்டுப்போட்ட வட்டத்தைத்தான் கட்டுரைக்குக் கட்டுரை ஒரே அம்புக்குறியா வரைஞ்சிட்டுப் போறாங்க. உங்க நோட்டீஸ்ல வந்திருக்கிறதும் அந்தப் படமாத்தான் இருக்கும்.

ஸ்லைடு தாத்தா எழுதியது:

எலியம்மா நன்றாகச் சொன்னாய். நான் ஓய்வு பெற்ற பேத்தாலஜிஸ்ட், திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்பவன். ஒட்டுப்போட்ட வட்டம் என்றாயே, அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது.

குடல் புற்றுநோயில் மைக்ரோ ஆர்என்ஏ பற்றி முதலில் வந்த தகவலே 2003-இல் மிர்-143, மிர்-145 பற்றியதுதான். சாதாரணக் குடலைவிடக் கட்டியில் இவை குறைவு என்றார்கள். உடனே "கட்டியை அடக்கும் மைக்ரோ ஆர்என்ஏ" என்று பட்டம் கட்டி, பத்து வருஷம் கட்டுரைகள் குவிந்தன. பிறகு திசுவை வகை பிரித்துப் பார்த்தபோது, இந்த இரண்டும் குடலின் மேல்தோல் செல்லில் அநேகமாக இல்லவே இல்லை. இருப்பது அடியில் உள்ள தசைச் செல்லிலும் இணைப்புத் திசுவிலும். கட்டியிலிருந்து கிள்ளிய துண்டில் தசை குறைவு, பக்கத்தில் எடுத்த நல்ல குடல் துண்டில் தசை அதிகம். அரைத்துச் சாறெடுத்து அளந்தால் "குறைந்துவிட்டது" என்றுதானே வரும்? துண்டை அரைக்குமுன் ஒரு ஸ்லைடு வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தால் பாதிப் பேச்சு அடங்கியிருக்கும். எங்கள் ஆட்களைக் கேட்காமல் செய்தால் இப்படித்தான்.

ஆக்சிஜன் ரேடிக்கலுக்கும் குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புக்கு என்னைக் கேட்டால், மைக்ரோ ஆர்என்ஏவைவிட உறுதியான சாட்சி மரபணுவில் இருக்கிறது. டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் ஜி எனப்படும் குவானின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 8-ஆக்சோகுவானின் ஆகும். அது சி-யோடு சேர வேண்டிய இடத்தில் ஏ-யோடு சேர்ந்துகொள்ளும். அந்தத் தவறைத் திருத்தும் நொதிகளில் ஒன்று எம்யுடிஒய்எச். அந்த ஜீனின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்குக் குடலில் பத்து, நூறு என்று பாலிப் (சிறு சதை வளர்ச்சி) முளைத்துப் புற்றாகிறது. 2002-இல் பிரிட்டனில் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டார்கள். அவர்கள் கட்டிகளில், கட்டியை அடக்கும் ஏபிசி என்ற ஜீனில் ஜி போய் டி வந்த மாற்றங்கள் வரிசையாகக் கிடந்தன. ஆக்சிஜன் கடித்த தடம் அது.

கீழமாசி வியாபாரி எழுதியது:

> கட்டியை அடக்கும் மைக்ரோ ஆர்என்ஏ

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? நாங்க தலைமுறையா மஞ்சள் மொத்த வியாபாரம். மஞ்சள்ல இருக்கிற குர்குமின் இந்த மிர்-21-ஐக் குறைக்குதுன்னு நானே படிச்சேன். நம்ம பாட்டிமார் சமையல்ல போட்டதை இன்னைக்கு வெளிநாட்டான் கண்டுபிடிக்கிறான். டப்பா மாத்திரை வேணாம்னா சரி, மஞ்சளையாவது நிறையக் குடுக்கச் சொல்லலாமே?

ஆய்வுக்கூட எலி எழுதியது:

> மிர்-21-ஐக் குறைக்குதுன்னு நானே படிச்சேன்

நீங்க படிச்சது சரிதான் அண்ணாச்சி. எச்சிடி116 மாதிரி குடல் புற்றுச் செல்லுல குர்குமின் மிர்-21-ஐக் குறைக்குது, 2011-லயே வந்திருச்சு. இந்தச் செல்லை புனேயில இருக்கிற தேசிய செல் அறிவியல் மையத்துல வாங்கி நாங்களும் வளர்க்கிறோம். ஆனா தட்டுல மைக்ரோமோலார் கணக்குல நேரா ஊத்துறோம். வாய்வழியா சாப்பிட்டா குடலும் கல்லீரலும் குர்குமினை மாத்தி வெளிய அனுப்பிரும். ரத்தத்துல தங்குறது சொற்பம்.

"குடல்லதானே நோய், குடலுக்கு நேரா போய்ச் சேருமே"னு கேட்டா அது நியாயமான கேள்வி. அதையும் சோதிச்சாங்க. பரம்பரையா குடல் பூரா பாலிப் வர்ற எஃப்ஏபி நோயாளிகளுக்கு தினம் 3 கிராம் வீதம் ஒரு வருஷம் குடுத்துப் பார்த்த சோதனை 2018-ல வெளிவந்துச்சு. வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் பாலிப் எண்ணிக்கையில வித்தியாசம் இல்ல.

இன்னொண்ணு, லேப் ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச சங்கடம். செல்லுக்குள்ள ஆக்சிஜன் ரேடிக்கல் எவ்வளவுன்னு பார்க்க டிசிஎஃப்டிஏனு ஒரு சாயம் போடுவோம். ரேடிக்கல் இருந்தா பச்சையா ஒளிரும். குர்குமினும் தன்னால பச்சையில ஒளிரும்! பிப்பெட் டிப், தட்டு எல்லாம் மஞ்சளாகிக் கிடக்கும். செல்லே இல்லாம குர்குமின் மட்டும் போட்ட குழி ஒண்ணைத் தட்டுல தனியா வச்சு அதோட அளவைக் கழிக்கலேன்னா, மெஷின் காட்டுற நம்பருக்கு அர்த்தமே கிடையாது. அப்படிக் கழிக்காத கட்டுரை எத்தனையோ பார்த்துட்டேன்.

குழம்புல போடுற மஞ்சளை யாரும் நிறுத்தச் சொல்லல. காப்சூல் வேற கதை.

குன்றத்துக் குமார் எழுதியது:

அப்ப கறிதோசை? அதையும் பிடுங்கிறாதீங்கய்யா.

ஆய்வுக்கூட எலி எழுதியது:

2015-ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி மாதிரி சிவப்பு இறைச்சியை "அநேகமாகப் புற்று உண்டாக்கும்"னு 2ஏ பிரிவுல வச்சுச்சு. சாசேஜ், சலாமி மாதிரி பதப்படுத்தினது முதல் பிரிவு, அதாவது புற்று உண்டாக்கும்னு உறுதியானது. தினம் 50 கிராம் பதப்படுத்தின இறைச்சிக்கு குடல் புற்று அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும்னு கணக்கு. கறியில இருக்கிற ஹீம் இரும்பு குடல்ல கொழுப்பை ஆக்சிஜனேற்றம் பண்ணும், நைட்ரோசோங்கிற, புற்று உண்டாக்கக்கூடிய சேர்மங்களையும் கூட்டும். மாசத்துக்கு ஒரு கறிதோசையால குடி முழுகாது. தினமும்னா யோசிங்க.

மேலூர் சிஸ்டர் எழுதியது:

உசிலம்பட்டித் தம்பி, நான் கீமோ வார்டுல வேலை பார்க்கிறவ. அந்த டப்பாவோட லேபிளைத் திருப்பிப் பாருங்க. ஃபோலிக் ஆசிட் இருக்கா? இந்த மாதிரி மாத்திரைகள்ல பெரும்பாலும் சேர்த்திருப்பாங்க. கேப்சிட்டாபின் சாப்பிடுறவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் சேர்ந்தா மருந்தோட நச்சு கூடும். வயித்துப்போக்கு, வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து தோல் உரியறது எல்லாம் அதிகமாயிரும். டப்பாவைப் பரண்ல போடாம அடுத்த தடவை வரும்போது கையில கொண்டாந்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

அப்புறம் ஆக்சாலிபிளாட்டின் ஏத்தின கொஞ்ச நாளைக்கு குளிர்ச்சியே ஆகாது. ஒரு ஐயா டிரிப்ஸ் முடிஞ்சு வெளிய போன கையோட, வெயிலுக்கு இதமா இருக்கும்னு ஜிகர்தண்டா வாங்கி ஒரு வாய் உறிஞ்சியிருக்காரு. தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி ஆகி, மூச்சே நின்னுருச்சுன்னு பதறிக்கிட்டு ஓடியாந்தாரு. மூச்சுக்கு ஒண்ணும் ஆகல, அந்த மருந்துக்கு நரம்பு அப்படித்தான் கூசும். ஃப்ரிட்ஜ் கதவைக் கூட வெறுங்கையால திறக்க வேணாம். வெந்நீர்தான் குடிக்கணும்.

ஆய்வுக்கூட எலி எழுதியது:

சிஸ்டர் சொன்ன ஃபோலிக் ஆசிட் விஷயம் தங்கம்.

ஆன்டி-ஆக்சிடன்ட் காப்சூல் பத்தி மிச்சத்தையும் சொல்லிடறேன். ரேடிக்கல்தான் கேன்சரைக் கொண்டு வருது, அதை அடக்குனா நோய் வராதுன்னு நெனைச்சுத்தான் பெரிய பெரிய சோதனை நடத்தினாங்க. 1994-ல பின்லாந்துல புகைபிடிக்கிற ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் குடுத்தாங்க, நுரையீரல் புற்று கூடுச்சு. 2011-ல வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடுதல். குடல் பாலிப்புல 2003-ல வந்த முடிவு இன்னும் விநோதம்: புகையும் குடியும் இல்லாதவங்களுக்கு பீட்டா கரோட்டினால பாலிப் திரும்ப வர்றது குறைஞ்சுது, ரெண்டும் உள்ளவங்களுக்குக் கூடுச்சு.

ஏன்னா ரேடிக்கல் ஒரு பக்கம் மட்டும் நிக்காது. கொஞ்சமா இருந்தா புற்றுச் செல் வளர்றதுக்கே அது துணை. அளவு மீறினா அதே செல்லைக் கொல்லும். ரேடியேஷனும் சில கீமோ மருந்தும் ஓரளவு அந்த வழியிலதான் கொல்லுது. அடிபட்ட டிஎன்ஏவைப் பார்த்து பி53-ங்கிற காவல் புரதம் எழுந்திரிச்சு மிர்-34-ங்கிற மைக்ரோ ஆர்என்ஏவை ஏத்தி, செல்லை நிறுத்தும். கீமோ நேரத்துல காப்சூல் போட்டா நாம காப்பாத்துறது நல்ல செல்லையா, புற்றுச் செல்லையான்னு யாருக்குத் தெரியும்?

மிர்-34-ஐயே மருந்தா ஊசி போட்டும் பார்த்தாங்க, எம்ஆர்எக்ஸ்34-னு பேரு. 2013-ல ஆரம்பிச்ச சோதனையை, நோயெதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகி சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்ததால 2016-ல நிறுத்திட்டாங்க. மருந்துக் கம்பெனிக்காரங்களாலயே முடியாததை டப்பாவுல அடைச்சு விக்கிறாய்ங்களாம்.

உசிலம்பட்டிக்காரன் எழுதியது:

லேபிள்ல ஃபோலிக் ஆசிட் இருக்கு சிஸ்டர். நல்லவேளை, இன்னும் குடுக்க ஆரம்பிக்கல. அப்ப அந்த ரத்த டெஸ்ட்?

ஆய்வுக்கூட எலி எழுதியது:

மிர்-92ஏ-ங்கிறதை ரத்தத்துலயும் மலத்துலயும் அளந்து குடல் புற்றைப் பிடிக்கலாம்னு 2009-ல இருந்து பேசிக்கிட்டிருக்காங்க. ஆராய்ச்சியா நல்ல விஷயம், எனக்கும் அதுல நம்பிக்கை உண்டு. ஆனா வருமா வராதான்னு ஜோசியம் சொல்ற மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்ட் எனக்குத் தெரிஞ்சு எந்த நாட்டு வழிகாட்டுதல்லயும் இல்ல.

காரணம் ஒண்ணு சொல்றேன். மிர்-92ஏ, மிர்-16, மிர்-451 எல்லாம் ரத்தச் சிவப்பணுவுக்குள்ளயே நிறைய இருக்கு. சிவப்பணு உடைஞ்சா அத்தனையும் ரத்தத்தோட திரவப் பகுதியான பிளாஸ்மாவுல கொட்டிரும். இப்ப உங்க வீட்டுல எடுத்த ட்யூபை அந்த ஆளு பைக் பெட்டியில போட்டு, கத்திரி வெயில்ல செக்கானூரணி வழியா ஆட்டிக்கிட்டே மதுரைக்குக் கொண்டு வர்றான்னு வைங்க. மெஷின்ல சுத்தவிட்டுப் பிரிச்சுப் பார்த்தா இளமஞ்சளா இருக்க வேண்டிய பிளாஸ்மா ரோஸ் கலர்ல நிக்கும். அதுல மிர்-92ஏ ஏறியிருந்தா அது கேன்சரா, பைக்கா? எங்க லேப்ல மிர்-451-ஐயும் மிர்-23ஏ-ஐயும் ஒப்பிட்டு, உடைஞ்ச சாம்பிளைத் தள்ளிருவோம். அந்த ஆளுகிட்ட அப்படித் தள்ளுவீங்களா, அளவை எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்கன்னு கேளுங்க. எதோட ஒப்பிடணும்ங்கிறதுலயே லேப்புக்கு லேப் ஒத்துமை இல்ல.

ஸ்லைடு தாத்தா எழுதியது:

தம்பி, இந்தச் சண்டையில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. உங்கள் மாமனார் உங்களுக்குத் தாய்மாமனா?

உசிலம்பட்டிக்காரன் எழுதியது:

ஆமாய்யா. அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன்தான். ஏன் கேக்கிறீங்க?

ஸ்லைடு தாத்தா எழுதியது:

அப்படியானால் லேப் ஆள் விட்டுவிட்ட ஆளே முதல் ஆள். உங்கள் அம்மா. அவரும் நோயாளியின் நேரடி ரத்த உறவு, உங்கள் மனைவியைப் போலவே. 60 வயதுக்குள் குடல் புற்று வந்தவரின் பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளைகளுக்கு 40 வயதிலிருந்தே கொலனோஸ்கோப்பி பார்க்கச் சொல்வது வழக்கம். நோயாளிக்கு வந்த வயதில் பத்தைக் கழித்தால் 40-க்கும் குறைவாக வந்தால் அந்த வயதிலிருந்து. அம்மாவுக்கு என்ன வயது? உடம்பு எப்படி?

இன்னொன்று. ஆபரேஷனில் எடுத்த கட்டியின் மெழுகு பிளாக் பேத்தாலஜியில் இருக்கும். அதில் டிஎன்ஏ நகலில் வரும் பிழையைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்கள் நான்குக்கும் சாயம் போட்டுப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரை வகைக்கான சல்லடை அது. மிர்-155 கூட இந்தப் புரதங்களில் சிலவற்றை இறக்கும் என்று 2010-இல் காட்டினார்கள், எலியம்மாவுக்குத் தெரியும். ஆனால் உங்கள் குடும்பத்துக்குப் பயன்படுவது மைக்ரோ ஆர்என்ஏ அல்ல, இந்தச் சாயம்தான். கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் பாலிப் எத்தனை என்றும் பாருங்கள். நான் மேலே சொன்ன எம்யுடிஒய்எச் வகைக்கு அப்பா, அம்மா இரு வழியிலும் பழுது வந்து சேர வேண்டும். சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் நம் பக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஒன்றிரண்டு பாலிப்தான் என்றால் அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

உசிலம்பட்டிக்காரன் எழுதியது:

அம்மாவுக்கு 54. ரத்தம் கம்மியா இருக்குன்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்த இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறாங்க. சாப்பிட்டும் பெருசா ஏறல. மலம் கருப்பாத்தான் போகுது, அது மாத்திரையாலன்னு சொன்னாங்க.

எம்எம்ஆர் சாயம் போடலையாம். பாலிப் ஒண்ணுதான்னு ரிப்போர்ட்ல இருக்கு.

ஸ்லைடு தாத்தா எழுதியது:

மாத்திரையால் கருப்பாவது உண்மைதான். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச் சத்து குறைந்தால், குடலில் எங்காவது கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குடும்பத்தில் இப்படி ஒருவருக்கு வந்த பிறகு தள்ளிப்போட ஒன்றுமே இல்லை. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் டெஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் நேராகக் கொலனோஸ்கோப்பி. இரைப்பை எண்டோஸ்கோப்பியும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அண்ணனுடைய பயாப்சி ரிப்போர்ட் நகலோடு போங்கள்.

செல்லூர் சேது எழுதியது:

காப்பீட்டு அட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.

மேலூர் சிஸ்டர் எழுதியது:

தம்பி, அம்மாவுக்குத் தேதி வாங்கும்போதே இரும்பு மாத்திரையை எப்ப நிறுத்தணும்னு கேட்டுக்கங்க. வழக்கமா ஒரு வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க, இல்லேன்னா குடல் பூரா கருப்பா அப்பிக்கிட்டு உள்ள ஒண்ணும் தெரியாது. சுகர், ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு மாத்திரை ஏதும் சாப்பிட்டா அதையும் சொல்லிருங்க. முந்தின நாள் கீரை, விதை உள்ள பழம், கேப்பை எதுவும் வேணாம்.

குடல் சுத்தம் பண்ற மருந்துல பாதியை முந்தின ராத்திரியும் மிச்சத்தை அன்னைக்கு விடியக்காலையும் குடிக்கச் சொல்லுவாங்க. அதைக் குடிச்சிட்டு உசிலம்பட்டியில இருந்து பஸ் ஏறவே முடியாது, சொல்லிட்டேன். முதல் நாளே மதுரையில சொந்தக்காரங்க வீட்டுல தங்க வச்சிருங்க, கக்கூஸ் பக்கத்துலயே இருக்கிற வீடாப் பாருங்க.